தொடர்ந்து கற்கிறார்

காணாமற்போன நாற்பத்தோராவது நாள் சிவதர்ஷன் மாஸ்டருக்கு முதலாவது எச்சரிக்கை வந்தது.

"அன்பார்ந்த சிவதர்ஷன், கடந்த ஆறு வாரங்களாக வகுப்பில் உங்கள் பங்களிப்பு திருப்திகரமாக இல்லை என்பதைக் கவலையுடன் அவதானிக்கிறோம். ஏதும் சிரமங்கள் இருப்பின் தயங்காமல் அறியத்தரவும்."

அனுப்பியது பல்கலைக்கழகம். மாஸ்டரைக் கொண்டுபோனவர்கள் இவ்வளவு மரியாதையாக எழுதக்கூடியவர்கள் அல்ல. அவர்கள் எழுதவே இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். குளிர் கூடிய ஒரு நாட்டில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு, உலகத்தின் பின்தங்கிய மக்கள் எல்லோரையும் முன்னுக்குக் கொண்டுவரும் பெருவிருப்பத்தில், இணையவழிப் பகுதிநேர முதுகலைப் படிப்புகளுக்கு அது புலமைப்பரிசில் அறிவித்தது. மாஸ்டர் சரித்திர வாத்தியார். கல்வி முகாமைத்துவம் கேட்டார். இடம் முடிந்துவிட்டது. நீர்வள முகாமைத்துவம் கேட்டார். அதுவும் முடிந்துவிட்டது. பண்டைய எகிப்தியப் பண்பாட்டில் மட்டும் பின்தங்கியவர்களுக்கென்று ஒதுக்கிய ஓரிடம் மிச்சமிருந்தது. அதில் சேர்ந்தார். ஐந்து வருடத்துக்குள் முடித்தால் போதும் என்றார்கள். மட்டக்களப்பில் ஐந்து வருடம் என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, மாஸ்டரும் சொல்லவில்லை.

முதலாவது கட்டுரையின் தலைப்பு, நைல் நதியின் வெள்ளப்பெருக்கும் எகிப்தியரின் உலகநோக்கும். மார்கழி முப்பத்தோராம் திகதி கொடுக்கவேண்டும். இருபத்தாறாம் திகதி காலை கடல் வந்து கட்டுரையையும் வீட்டையும் கொண்டுபோனது. மாஸ்டரும் மனைவி சுலோஜனாவும் உன்னிச்சையில் சுலோஜனாவின் தாய் வீட்டில் நின்றபடியால் தப்பினார்கள். மாஸ்டர் கால நீடிப்புக்கு எழுதினார். பதில் வந்தது. விதி பதினான்கின்படி, எதிர்பாராத நிகழ்வு காரணமாக நீடிப்புக் கோருபவர்கள் அந்நிகழ்வுக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். இருப்பினும் மனிதாபிமான அடிப்படையில், வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினால் பரிசீலிக்கலாம். மாஸ்டர் படம் எடுத்து அனுப்பினார். அடுத்த கிழமை பதில் வந்தது: "படத்தில் வீட்டைக் காணவில்லை. வீடு தெளிவாகத் தெரியும் படம் ஒன்றை அனுப்பவும்."

அதற்குப் பிறகும் மாஸ்டர் விடவில்லை. சுனாமி வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து புளியந்தீவில் றிஸான் நானாவின் நெட் கபே, அங்கிருந்து எகிப்து என்று நாளாந்தம் போய்வந்தார். ஒருநாள் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு கல்லறையின் வரைபடம். இறங்கு படிகள், ஒடுங்கிய வழி, உள்ளறை, பொய்க்கதவு.

"இது எங்க உள்ள பங்கர்?" என்று சிப்பாய் கேட்டான்.

"எகிப்தில சேர்."

"ஆர்ட பங்கர்?"

"ராசாட."

"ராசா இப்ப எங்க?"

"உள்ளுக்குத்தான் சேர்."

மூன்று மணித்தியாலம் வைத்திருந்துவிட்டுப் போகவிட்டார்கள்.

2007 மாசி ஒன்பதாம் திகதி பின்னேரம் றிஸான் நானாவின் கடையில் குறிப்புகளை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தவரை ஒரு வான் வண்டி ஏற்றிக்கொண்டு போனது. இந்த முறை பையைப் பார்க்கவில்லை. கொண்டுபோனவர்கள் ஆர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவருக்கும் தெரியாது.

எச்சரிக்கைக் கடிதத்தை றிஸான் நானா அச்செடுத்துக் கொடுக்க, சுலோஜனா அதைப் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்க் கிளையான கடல்கடந்த உயர்கல்வி இணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனாள். நிலையம் என்பது ஒரு புடவைக்கடையின் மேல்மாடி அறை. இணைப்பாளர் வினாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. பங்குனி வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"மாணவர் வரல்லையா?"

"அவரக் காணல்ல சேர். மாசி ஒன்பதில இருந்து."

"மிகவும் வருந்தத்தக்கது. பங்களிப்புக்கு மட்டும் பத்து வீதப் புள்ளி இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். மாணவர் நிலை என்ற தலைப்பின் கீழ் நான்கு பெட்டிகள் இருந்தன. தொடர்ந்து கற்கிறார். இடைநிறுத்தியுள்ளார். விலகிவிட்டார். காலமானார்.

"இடைநிறுத்தவோ விலகவோ மாணவர் தன்ர கைப்பட ஒப்பம் வைக்கோணும். காலமானார் எண்டா மரண அத்தாட்சிப் பத்திரம் வேணும். எதைப் போடுவம்?"

"காணாமற்போனார் எண்டு ஒரு பெட்டி இல்லையா சேர்?"

வினாயகமூர்த்தி சிரித்தார். சின்னப் பிள்ளைகள் கணக்கில் பிழைவிடும்போது சிரிக்கிற சிரிப்பு.

"பிள்ளை, இது நூற்றியிருபது நாட்டுக்குப் பொதுவான முறைமை. ஒரு மாவட்டத்தின்ர வசதிக்காகப் பெட்டி கூட்டேலாது. நானும் முப்பத்தாறு வருசம் அரச சேவையில இருந்தவன். எத்தினையோ வாத்திமார் வராம விட்டிருக்கினம். நாங்க விசாரிச்சுக்கொண்டு திரியிறேல்ல. ஒரு ஆளைப் பற்றி ஒண்டும் தெரியாட்டி, அவர் வழமைபோல இருக்கார் எண்டு எடுக்கிறதுதான் நிருவாகம். அதால இண்டைக்கு வரைக்கும் என்ர கையால ஒரு பிழையும் நடந்ததில்ல."

பிறகு குரலைத் தாழ்த்தி, முப்பது நாளைக்குள் ஓர் ஒப்படைக் கட்டுரை வராவிட்டால் பெயரை இடாப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார்.

பெயர் எடுபடுவது சுலோஜனாவுக்குப் புதிதல்ல. கல்விப் பணிமனை மாஸ்டருக்கு, சேவையைத் தானாகக் கைவிட்டவராகக் கருதப்படுகிறீர் என்று கடிதம் போட்டிருந்தது. கிராம சேவகர் குடும்ப அட்டையில் அவர் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு இழுத்திருந்தார். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், "மரணப் பத்திரம் எடுங்கம்மா, எல்லாருக்கும் லேசு" என்றார்கள். பொட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் வைக்கிறீங்களோ?" என்றும் கேட்டார்கள். ஆக, உலகத்தில் மாஸ்டர் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்கிற இடாப்பு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதில் அவர் பெயருக்கு நேரே தொடர்ந்து கற்கிறார் என்று எழுதியிருந்தது.

சுலோஜனா நேரே றிஸான் நானாவின் கடைக்கு வந்தாள்.

"நானா, நான் எழுதித் தாறன். நீங்க இங்கிலீசில மாத்தி அடிங்க."

"யா அல்லாஹ்! டீச்சர், என்ன கதைக்கிறீங்க? பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்தான். ஆனா இது கள்ள வேலயெல்லுவா?"

"ஆருக்குக் கள்ளம் செய்யிறம் நானா? அவருக்கா?"

றிஸான் நானா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். "தலைப்பச் சொல்லுங்க," என்றார்.

சுலோஜனா டீச்சர் என்றால் தையல் டீச்சர். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பிள்ளைகளுக்குச் சட்டை வெட்டப் பழக்குகிறவள். எகிப்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாஸ்டர் சோறு தின்னும்போது சொன்னவை. றிஸான் நானா காத்தான்குடிக்காரர். சவூதியில் ஒரு கட்டடக் கொம்பனியில் பதினொரு வருடம் கடிதம் அடித்தவர். அவருடைய ஆங்கிலத்தில் எந்தக் கட்டுரையும் "தங்களின் மேலான கவனத்திற்கு" என்றுதான் தொடங்கும். இந்த இருவரும் சேர்ந்து பழைய எகிப்தியர் உடலைப் பதப்படுத்திய முறை பற்றி மூவாயிரம் சொல் எழுதவேண்டியிருந்தது.

"உடம்ப உப்புக்குள்ள நாப்பது நாள் தாட்டு வைப்பாங்களாம். கருவாடு போடுற மாதிரித்தான் நானா."

"ராசாவப் போய்க் கருவாடு எண்டு எழுதேலா டீச்சர்."

"வேற எப்பிடி விளங்கப்படுத்திற? ஈரம் போகோணும். கருவாட்டிலயும் அதானே."

"சரி, 'கடலோரச் சமூகங்களின் மீன் பாதுகாப்பு நுட்பம்' எண்டு போடுவம்."

துணி சுற்றுகிற பகுதிக்கு வந்ததும் சுலோஜனா ஒருவரிடமும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான முழம் துணியை அவர்கள் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்ததற்குக் காரணம், கிழித்தால் இழை நேராகப் போகும், சாய்வாக வெட்டினால் இழுபட்டு அவிழும் என்று எழுதினாள். அவை புதுத்துணி அல்ல, பெரும்பாலும் வீட்டில் கிடந்த பழைய துணி என்று புத்தகத்தில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே அவள் ஒரு வரி சேர்த்தாள்: "ஆளின் துணியைக் கிழிப்பதற்கு முன், ஆள் இனி வரமாட்டார் என்று வீட்டுக்காரருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கவேண்டும்."

எழுபத்தொரு புள்ளி கிடைத்தது. மாஸ்டர் தானாக எழுதிய காலத்தில் ஐம்பத்தெட்டுக்கு மேல் எடுத்ததில்லை. பயிற்றுநர் கீழே குறிப்பு எழுதியிருந்தார்: "பாராட்டுகள், சிவதர்ஷன். முந்திய ஒப்படைகளில் நீங்கள் எங்கோ தொலைவில் நிற்பதுபோல் இருந்தது. இப்போதுதான் முதன்முறையாக உங்கள் இருப்பை உணர்கிறேன்."

றிஸான் நானா அதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத் தேத்தண்ணி வாங்கப் போனார். வருவதற்கு நேரம் எடுத்தார்.

கட்டுரை மட்டும் போதாது. இணையத்தில் கலந்துரையாடல் மன்றம் என்று ஒன்று இருந்தது. வாரம் மூன்று பதில் கட்டாயம். அங்கே முற்பிறப்பில் தான் ஒரு கோயில் பூசாரிச்சியாக இருந்ததாகச் சொல்லும் ஒரு சீமாட்டியும், ஓய்வூதியத்தில் பிரமிட்டை அளந்துகொண்டிருக்கும் ஒரு கனவானும் மாறி மாறிச் சண்டை பிடித்தார்கள். சுலோஜனா இருவருக்கும், "ஓம், நீங்கள் சொல்வதும் யோசிக்கவேண்டியதுதான்" என்று வாரம் மூன்று தடவை பதில் போட்டாள். பருவ முடிவில் சிவதர்ஷனுக்கு அதிசிறந்த செவிமடுப்பாளர் விருது கிடைத்தது.

சுலோஜனா நிலையத்துக்குப் போன அந்தப் பங்குனியிலேயே வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஷெல் விழத்தொடங்கி, உன்னிச்சையிலிருந்து சுலோஜனாவின் தாய் தகப்பன் சகோதரங்கள் என்று பதினொரு பேர் இரண்டறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். நைல் நதி நீர்ப்பாசனம் பற்றிய ஒப்படையை அந்தப் பதினொரு பேரும்தான் எழுதினார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை. எகிப்தில் ஆருக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கும் அதிகாரி இருந்தார் என்றதும் சுலோஜனாவின் தகப்பன், "அது எங்கட வட்டவிதானை தானேகா" என்றார். ஆற்றுவாயை எந்த நாளில் வெட்டினால் வாவித்தண்ணி கடலுக்கு இறங்கி வயல் தப்பும், ஒருநாள் பிந்தினால் எந்த வட்டையில் நெல் அழுகும் என்று பாயில் படுத்தபடி சொல்லிக்கொண்டே போனார். போகமுடியாத வயலைப் பற்றிப் பேச அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பயிற்றுநர், "வட்டவிதானை என்பவர் மேற்கோள் பட்டியலில் இல்லையே, அவரது நூல் எங்கே வெளியானது?" என்று கேட்டார். புள்ளி எழுபத்துநான்கு.

இப்படியே 2008 போனது. எஞ்சியது ஆய்வுக்கட்டுரை. எகிப்திய விதவைகள் செத்த புருசன்மாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று சுலோஜனா ஒரு பாடத்தில் கண்டாள். சாப்பாட்டுக் கோப்பையிலேயே எழுதி, சாப்பாட்டையும் போட்டுக் கல்லறையில் வைப்பார்களாம். அழுகைக் கடிதங்கள் இல்லை. கோபக் கடிதங்கள். உன் தம்பி காணியைப் பிடிக்கிறான், பிள்ளைக்குக் காய்ச்சல், நீ அங்கே என்ன செய்கிறாய், எழும்பி வந்து நியாயம் கேள் என்று எழுதியிருந்தார்கள்.

"இதத்தான் எழுதப்போறன்," என்றாள்.

ஆய்வு நெறிமுறைக் குழு உடனே விழித்துக்கொண்டது. பதினாறு பக்கப் படிவம் வந்தது. ஆய்வுக்கு உட்படுவோர் தம் சம்மதத்தை எழுத்தில் தந்துள்ளார்களா? அவர்கள் செத்து நாலாயிரம் வருடம் என்று றிஸான் நானா பணிவாக அடித்தார். அப்படியானால் சட்டபூர்வ வாரிசுகளின் சம்மதத்தைப் பெறவும் என்று பதில் வந்தது. ஆய்வினால் அவர்களுக்கு மனவுளைச்சல் ஏற்படுமா? ஏற்படின் ஆற்றுப்படுத்த என்ன ஏற்பாடு? இரண்டு மாத எழுத்துப் போக்குவரத்துக்குப் பிறகு, செத்தவர்களுக்கு விருப்பமில்லாவிட்டால் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

பின்னிணைப்பாக ஒரு மாதிரிக் கடிதம் தேவைப்பட்டது. அதைச் சுலோஜனா ஒரே இருப்பில் எழுதினாள்.

"இஞ்சாருங்க, நான் சுலோ. நான் இத செத்த ஆளுக்கு எழுதயில்ல, அத முதல்ல விளங்கிக்கொள்ளுங்க. வீட்டுக் கூரையில ரெண்டு ஓடு போயிற்று. பள்ளிக்கூட அலுமாரிச் சாவி இன்னும் என்னட்டத்தான் இரிக்கு. அவங்க பூட்ட மாத்திற்றாங்க. சாவிய என்ன செய்யிற எண்டு வந்து சொல்லுங்க. பசிக்குதா எண்டு கேக்கப் பயமா இரிக்கு. எங்க இருந்தாலும் அவங்களோட வாய் காட்டாதீங்க. உங்களுக்கு அது ஒரு பழக்கம்."

றிஸான் நானா இதை மொழிபெயர்த்து முடிக்க ஒரு நாள் முழுக்க ஆனது. "இதுக்கெல்லாம் சவூதியில சொல் இல்ல டீச்சர்," என்றார். மேற்பார்வையாளர் எழுதினார்: "கற்பனைப் புனைவு மிகவும் நம்பத்தக்கதாக உள்ளது. மூலப்பிரதி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று குறிப்பிடவும்." றிஸான் நானா, "தனியார் சேகரிப்பு" என்று அடித்தார்.

2009 வைகாசி பதினெட்டாம் திகதி ஆய்வுக்கட்டுரை அனுப்பவேண்டிய கடைசி நாள். அன்றைக்கு யுத்தம் முடிந்தது. நகரத்தில் கடைகளைப் பூட்டிக் கொடி கட்டச் சொன்னார்கள். சந்தியில் பால்சோறு கொடுத்தார்கள். வாங்காதவர்களை நினைவு வைத்துக்கொள்ள ஓர் ஆள் நின்றதால் எல்லோரும் வாங்கினார்கள். சுலோஜனா ஒரு கையில் பால்சோறும் மறு கையில் ஆய்வுக்கட்டுரையுமாகப் பூட்டிய கடைவாசலில் நின்றாள். றிஸான் நானா பின்கதவால் கூட்டிப்போய் அனுப்பியபோது நான்கு மணித்தியாலம் பிந்திவிட்டது. முப்பது வருட யுத்தம் முடிந்ததற்காகப் பல்கலைக்கழகம் ஐந்து புள்ளி கழித்தது.

அப்படிக் கழித்தும் அதிவிசேட சித்தி. சிவதர்ஷன், முதுகலைமாணி. பட்டம் வாங்கினால் மாணவர் இடாப்பிலிருந்து பெயர் போய்விடுமே என்று சுலோஜனா பயந்தாள். பழைய மாணவர் சங்கத்தில் ஆயுட்கால உறுப்பினராகச் சேர்த்திருக்கிறோம் என்று கடிதம் வந்தது. ஆயுட்காலம் என்ற சொல்லை நானாவைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தாள்.

வினாயகமூர்த்தி விழா எடுத்தார். மேடையில் ஒரு கதிரை, கதிரையில் மாஸ்டரின் படம், படத்துக்குச் சம்பங்கி மாலை. சுலோஜனா மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேரே மேடைக்கு ஏறினாள்.

"சேர், மாலையக் கழட்டுங்க."

"மரியாதைக்குப் போட்டது பிள்ளை."

"படத்துக்கு ஆருக்கு மாலை போடுற எண்டு தெரியாதா உங்களுக்கு? கழட்டுங்க."

மாலையை வினாயகமூர்த்தியே வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு பேச எழும்பினார். "சிலர் படிக்க வசதியில்லை என்பார்கள். சிலர் நேரமில்லை என்பார்கள். சிவதர்ஷனைப் பாருங்கள்! ஆளே இல்லாமல் படித்து முடித்திருக்கிறார். இதிலிருந்து என்ன தெரிகிறது? எங்கள் நிலையத்தின் வழிகாட்டலில் ஒருவர் படிப்பதற்கு அவர் இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை." கைதட்டினார்கள். அடுத்த நாள் பத்திரிகையில், மட்டக்களப்பு ஆசிரியருக்கு எகிப்தியலில் முதுகலைப் பட்டம் என்று படத்தோடு வந்தது.

2010இல் காணாமற்போனோர் முறைப்பாடுகளை மீளாய்வு செய்ய ஒரு குழு வந்து மண்டபமொன்றில் குந்தியது. சுலோஜனா கோப்போடு போனாள். தவிசாளர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருடைய மேசையில் பத்திரிகைத் துண்டு இருந்தது.

"இது உங்கட கணவர்தானே?"

"ஓம் சேர்."

"2007இல் காணாமற்போனவர், 2009இல் பட்டம் எடுத்திருக்கார்."

"சேர், அது..."

தவிசாளர் எழும்பி நின்று அவளுக்குக் கை கூப்பினார். "அம்மா, எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? மூன்று மாதத்துக்குள் எல்லாக் கோப்பையும் முடிக்கச் சொல்லியிருக்கு. இன்றைக்கு வரைக்கும் ஓர் ஆளைக்கூடக் கண்டுபிடிக்கல்லை என்று பத்திரிகைக்காரன் எங்களைக் கேவலமாக எழுதுறான். உங்கட கணவர்தான் நாங்கள் கண்டுபிடித்த முதல் ஆள்!" குழுவின் மற்ற அங்கத்தவர்களும் எழும்பினார்கள். ஒருவர் படம் எடுத்தார். கோப்பின் மேலே, ஆள் உள்ளார், முறைப்பாடு முடிவுறுத்தப்பட்டது என்று எழுதப்பட்டது.

"சேர், கட்டுரையெல்லாம் எழுதினது நான். அவர் இல்ல."

தவிசாளர் திரும்பக் கதிரையில் இருந்தார். முகத்தில் சந்தோசம் குறையவில்லை, கொஞ்சம் இறுகியது. "அது ஆள்மாறாட்டம். பாரதூரமான குற்றம். ஆனால் அது எங்கட விசாரணை எல்லைக்குள் வராது. அவர் எழுதல்ல என்று பல்கலைக்கழகம் கடிதம் தந்தால் கோப்பைத் திறக்கலாம்."

சுலோஜனா வெளியே வந்தாள். மூன்று வருடம் ஓர் இடாப்பில் அவரைப் பிடித்துவைத்திருந்ததில், தேடுகிற இடாப்பிலிருந்து அவரைத் தானே தொலைத்துவிட்டாள். பட்டம் போனால் போகட்டும். ஆளைத் தேடவேண்டும்.

றிஸான் நானா அவள் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து, நடந்தது முழுவதையும் அடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். தன் பெயரையும் உதவியாளர் என்று கீழே போட்டார். "நாளைக்குப் புடிக்கிற எண்டா ரெண்டு பேரையும் சேத்துப் புடிக்கட்டும்," என்றார். அவளுக்குப் பதில் உடனே வந்தது. தனிநபர் தகவல் பாதுகாப்புக் காரணமாக, மாணவரைப் பற்றி மூன்றாம் ஆட்களுடன் பேச இயலாது.

ஆனால் மாஸ்டரின் மின்னஞ்சல் பெட்டிக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது.

"அன்பார்ந்த சிவதர்ஷன், சுலோஜனா என்ற ஒருவர் உங்கள் ஒப்படைகளைத் தானே எழுதியதாக எமக்கு அறிவித்துள்ளார். இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா? பதினான்கு நாட்களுக்குள் நீங்களே பதில் தரவும். பதில் தராவிட்டால் முறைப்பாடு பொய்யென்று கருதி, உங்கள் நற்பெயர் பாதுகாக்கப்படும்."

சுலோஜனா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு சொல்லச் சொல்ல நானா அடித்தார்.

"தெரியும். அவ என்ர மனிசி. அவ சொல்லுறது முழுக்க உண்மை. 2007 மாசி ஒன்பதாம் திகதி பின்னேரத்தில் இருந்து நான் ஒண்டும் எழுதவில்லை. என்னை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்படிக்கு, சிவதர்ஷன்."

"டீச்சர், இதுதான் அவர்ட பேரில நாம அனுப்புற கடைசிக் கடிதம்," என்றார் நானா. அவள் தலையாட்டினாள். நானா அனுப்பினார்.

பல்கலைக்கழகம் மூன்றே நாளில் முடிவெடுத்தது. மாணவர் தானே ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டி, பட்டத்தை ரத்துச்செய்து, பழைய மாணவர் இடாப்பிலிருந்தும் பெயரை நீக்கி, முத்திரையோடு கடிதம் அனுப்பியது. மாஸ்டரின் ஒப்புதல் கடிதமும் இணைப்பாக இருந்தது. சுலோஜனா இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓட்டமாகக் குழுவிடம் போனாள்.

தவிசாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார். இணைப்பை இரண்டு தரம் வாசித்தார்.

"அம்மா, இது கணவரே எழுதின கடிதம்தானே?"

"இல்ல சேர், அதுவும்..."

"அவருடைய பெயரில், அவருடைய கணக்கிலிருந்து, போன கிழமைத் திகதியில். அதை ஒரு பல்கலைக்கழகமே ஏற்று முத்திரை குத்தியிருக்கு." அங்கத்தவர்கள் பக்கம் திரும்பினார். "தான் காணாமற்போனதை அவர் தானே எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறார். என்ர முப்பது வருட அனுபவத்தில் இப்படியொரு தெளிவான சாட்சியத்தை நான் பார்த்ததில்லை. முதல் இருந்தது வெறும் பத்திரிகைத் துண்டு. இப்ப ஐயத்துக்கு இடமில்லாமல் ஆள் உயிரோடு இருக்கிறார்." சுலோஜனாவைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "கோப்பை முழுதாக மூட ஒரேயொரு ஒப்பம்தான் குறை. அவரை ஒருநாள் வந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கோ."

சுலோஜனா அழவில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் சொன்னா வரமாட்டார் சேர். நீங்க எழுத்தில தாங்க. இந்தத் திகதிக்கு, இந்த இடத்துக்கு வரச்சொல்லி. உங்கட முத்திரையோட."

"நியாயமான கோரிக்கை," என்றார் தவிசாளர். எழுதுவினைஞரைக் கூப்பிட்டார். திருவாளர் சிவதர்ஷன் அவர்கள் எதிர்வரும் இருபதாம் திகதி காலை ஒன்பது மணிக்கு இக்குழு முன் தவறாது சமுகமளிக்குமாறு என்று சொல்லச் சொல்ல, எழுதுவினைஞர் அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்து உறையை எடுத்தார். பேனையை உறைக்கு மேலே பிடித்துக்கொண்டு சுலோஜனாவை நிமிர்ந்து பார்த்தார்.

"விலாசம்?"

"அதத்தான் சேர் நான் மூண்டு வருசமா உங்களிட்டயெல்லாம் கேக்கிறன்."

எழுதுவினைஞர் தவிசாளரைப் பார்த்தார். தவிசாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதுவினைஞர் குனிந்து, விலாசம் பின்னர் தரப்படும் என்று உறையில் எழுதி, முத்திரையைக் குத்தி, அனுப்பப்படவேண்டிய கடிதங்களின் தட்டில் வைத்தார்.